கண்ணால் கண்டதை உலகம் நம்ப எத்தனை காலம்?

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மின்மினிப் பூச்சி புதிதல்ல. செம்பனை வரிசைகளுக்கு இடையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஒன்றிரண்டு பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் கம்போங் குவாந்தானில் இருட்டிய பிறகு சம்பானில் ஏறி, சிலாங்கூர் ஆற்றின் கரையோரமாகப் போகும்போது தெரிவது வேறு காட்சி. அங்குள்ள பெரம்பாங் மரங்களின் இலைகளில் மின்மினிகள் கூட்டம் கூட்டமாக அமர்ந்திருக்கும். ஒரு மரத்தில் இருப்பவை எல்லாம் ஒரே நேரத்தில் மின்னும். ஒரே நேரத்தில் அணையும். யாரோ ஒரே சுவிட்சைத் தட்டுவது போல இருக்கும்.

இந்தப் பூச்சியின் அறிவியல் பெயர் தெரோப்டிக்ஸ் டெனர். வயிற்றின் நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனுடன் சேரும்போது இந்த ஒளி பிறக்கிறது. தாளத்தோடு மின்னுபவை ஆண் பூச்சிகள். பெண் பூச்சியின் கவனத்தை ஈர்ப்பதற்காக அவை மின்னுகின்றன. இவ்வளவும் இன்று பாடநூலில் எழுதக்கூடிய செய்தி.

ஆனால் ஒரு காலத்தில் இதைக் கண்டதாகச் சொன்னவர்களை அறிஞர்கள் நம்பவில்லை. "உங்கள் கண்தான் ஏமாற்றியது" என்றார்கள். பூச்சிகள் ஒன்றாக மின்னுகின்றன என்பதை அறிவியல் உலகம் ஏற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. ஓர் உண்மையைப் பார்ப்பதற்கும் அது ஆய்விதழில் அச்சேறுவதற்கும் இடையில் ஓர் ஆய்வாளர் மகிழ்ச்சி, பயம், காத்திருப்பு, அவமானம் எல்லாவற்றையும் கடக்கவேண்டியிருக்கிறது. அந்தப் பயணத்தை மின்மினிகளின் துணையோடு இந்த வாரம் பார்ப்போம்.

கண் இமை செய்த குற்றமா?

1690ஆம் ஆண்டு எங்கல்பெர்ட் கெம்ப்ஃபர் என்ற ஜெர்மன் மருத்துவர் ஜப்பானுக்குப் போகும் வழியில் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், தங்கினார். ஆற்றுப் பயணத்தின்போது கரையோர மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்வதைக் கண்டு குறித்துவைத்தார். அந்தக் குறிப்பு இடம்பெற்ற நூல் லண்டனில் அச்சானது 1727இல். கெம்ப்ஃபரோ 1716இலேயே இறந்துவிட்டார். தாம் எழுதியதை அவர் அச்சில் பார்க்கவே இல்லை.

அதன் பிறகும் தென்கிழக்கு ஆசியாவுக்கு வந்த பயணிகள் பலர் இதே காட்சியைப் பற்றி எழுதினார்கள். மேலை நாட்டு அறிஞர்கள் பலர் தலையை ஆட்டி மறுத்தார்கள். ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒன்றுசேர்ந்து தாளம் தப்பாமல் மின்னுவது இயற்கைக்கே முரணானது என்பது அவர்கள் வாதம்.

1917ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் பிலிப் லோரன்ட் என்பவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு தாமும் மின்மினிகள் ஒன்றாக மின்னுவதைப் பார்த்ததாகவே அவர் சொல்கிறார். ஆனால் தம் கண்களையே அவரால் நம்ப முடியவில்லை. கடைசியில் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். தம்முடைய கண் இமைகள் துடித்ததால்தான் அப்படித் தோன்றியது. பூச்சிகளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று முடித்துவிட்டார்.

இதைப் படித்துச் சிரிப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். வகுப்பில் எல்லோரும் ஒரு விடையைச் சொல்லும்போது, உங்களுக்கு மட்டும் வேறு விடை வந்தால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் நம் விடையைத்தான் அழிப்போம். லோரன்ட் செய்ததும் அதுதான்.

தொடர்ந்து அந்த இதழில் பல ஆண்டுகள் இந்த விவாதம் நடந்தது. தற்செயல் என்றார்கள் சிலர். கூட்டத்துக்கு ஒரு தலைவன் பூச்சி இருக்கும், மற்றவை அதைப் பார்த்து மின்னும் என்றார்கள் வேறு சிலர். 1935இல் ஹியூ ஸ்மித் என்ற அமெரிக்கர் அதே 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அவர் சயாம் அரசாங்கத்தின் மீன்வள ஆலோசகராகப் பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தவர். ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போன பயணி அல்லர். மரங்களையும் இடங்களையும் மின்னும் முறையையும் விவரித்து, இது கண்ணின் மயக்கம் அல்ல என்றார். ஆனால் பூச்சிகள் எப்படி ஒத்துப்போகின்றன என்ற கேள்வி அப்படியே நின்றது.

ஹோட்டல் அறைக்குள் மின்மினிகள்

அந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஜான் பக். 1938இல், இருபதுகளின் நடுவயதில், இதுவரை யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் தொகுத்து ஆராய்ந்து 'குவாட்டர்லி ரிவ்யூ ஆஃப் பயாலஜி' இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். பிறர் எழுதியதை எடைபோட முடிந்ததே தவிர, தென்கிழக்கு ஆசியப் பூச்சிகளைக் கருவி வைத்து அளக்கும் வாய்ப்பு அவருக்கு அப்போது இல்லை.

அந்த வாய்ப்பு வர 27 ஆண்டுகள் ஆயின. 1965இல் ஜான் பக்கும் அவர் மனைவி எலிசபெத்தும் தாய்லாந்து சென்றார்கள். ஆற்றோரத்தில் மின்மினிகளைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு பேங்காக்கில் தங்கியிருந்த ஹோட்டல் அறைக்கே வந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பூச்சிகளை அறைக்குள் விட்டார்கள். முதலில் அவை தாறுமாறாகப் பறந்தன. பிறகு சுவரிலும் கூரையிலும் அமர்ந்து ஆளுக்கொரு தாளத்தில் மின்னின. கொஞ்ச நேரத்தில் இரண்டு பூச்சிகள் ஒத்துப்போயின. அடுத்து மூன்று. கடைசியில் ஒரு டஜன் பூச்சிகள் வரை ஒரே தாளத்தில் மின்னத் தொடங்கின.

இருட்டில் அமர்ந்திருந்த அந்த இருவருக்கும் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்த மகிழ்ச்சியை மட்டும் எழுதி அனுப்பினால் எந்த இதழும் ஏற்காது. "உங்கள் இமை துடித்திருக்கலாம்" என்ற பழைய பதிலே மறுபடியும் வரக்கூடும். அதனால் அவர்கள் ஒளியை அளக்கும் கருவியையும் திரைப்படக் கேமராவையும் பயன்படுத்தினார்கள். கேமராவுக்கு இமை இல்லை அல்லவா?

அளவீட்டில் ஒரு முக்கியமான உண்மை தெரிந்தது. தாய்லாந்தில் அவர்கள் ஆராய்ந்த இனம் சுமார் அரை விநாடிக்கு ஒருமுறை மின்னியது. பக்கத்துப் பூச்சி மின்னியதைப் பார்த்த பிறகு ஒரு பூச்சி மின்னுவதாக இருந்தால், கண் பார்த்து, நரம்பு வழியே செய்தி போய், ஒளி பிறக்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்தத் தாமதம் படத்தில் தெரியவேண்டும். அப்படித் தெரியவில்லை. எனவே எதற்கும் தலைவன் கிடையாது. ஒவ்வொரு பூச்சிக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அக்கம்பக்கத்து ஒளியைக் கொண்டு அது அடுத்த சுற்றுக்குத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. கைதட்டிப் பாடும் கூட்டத்தில் நாம் தாளத்தை எதிர்பார்த்துத் தட்டுகிறோமே, அதைப் போல.

இந்த முடிவுகள் 1968 மார்ச்சில் வெளிவந்தன. எந்த இதழில் தெரியுமா? அரை நூற்றாண்டுக்கு முன் கண் இமையைக் காரணம் காட்டிய அதே 'சயன்ஸ்' இதழில்தான்.

ஒரு கட்டுரை போகும் பாதை

'இதழில் வெளியிடுவது' என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். நாளிதழில் செய்தி வருவதும் ஆய்விதழில் கட்டுரை வருவதும் ஒன்றல்ல.

ஆய்வை முடித்தவர் என்ன கேள்வி கேட்டேன், எப்படிச் செய்தேன், என்ன கிடைத்தது, அதற்கு என்ன பொருள் என்று வரிசையாக எழுதுவார். செய்முறையை எழுதுவதுதான் கட்டுரையின் உயிர். வேறொருவர் அதைப் படித்துவிட்டு, அதே வேலையை மறுபடி செய்து பார்க்க முடியவேண்டும்.

கட்டுரை முதலில் இதழாசிரியரிடம் போகும். இது நம் இதழுக்கு ஏற்றதல்ல என்று அவர் நினைத்தால் அங்கேயே திருப்பிவிடுவார். அந்த வாசலைத் தாண்டினால், அதே துறையில் உள்ள இரண்டு அல்லது மூன்று அறிஞர்களுக்கு அனுப்புவார். இவர்களை மதிப்பீட்டாளர்கள் என்கிறோம். பெரும்பாலும் அவர்கள் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. அவர்கள் குறை தேடிப் படிப்பார்கள். மாதிரிகள் போதுமா? வேறு காரணம் இருக்கலாமே? இந்தக் கணக்கு சரியா?

இதற்கு வாரங்கள் ஆகலாம். பல மாதங்களும் ஆகலாம். அந்த நாள்களில் எழுதியவர் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்ப்பார். எஸ்.பி.எம். முடிவுக்குக் காத்திருக்கும் அண்ணன் அக்காவை வீட்டில் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே நிலைதான். ஆனால் முடிவு வரும் தேதி மட்டும் யாருக்கும் தெரியாது.

பதில் பொதுவாக நான்கு வகையில் வரும். அப்படியே ஏற்றுக்கொள்கிறோம் என்பது மிக அரிது. சிறு திருத்தம் செய்யுங்கள், பெரிய திருத்தம் செய்யுங்கள், ஏற்க இயலவில்லை என்பவை மற்ற மூன்று. திருத்தம் கேட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொன்றாகப் பதில் எழுதவேண்டும். சில வேளைகளில் மீண்டும் ஆய்வுக்கூடத்துக்கோ ஆற்றங்கரைக்கோ போகவேண்டியிருக்கும்.

மதிப்பீட்டாளரின் குறிப்பை முதல்முறை படிக்கும்போது கோபம் வரும். இரண்டு வருட உழைப்பை இரண்டு பக்கத்தில் குறை சொல்லிவிட்டாரே என்று மனம் வெதும்பும். அனுபவமுள்ள ஆய்வாளர்கள் பலர் அதை மூடி வைத்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள். இரண்டாம் முறை படிக்கும்போது சில குறைகள் உண்மையானவை என்று தெரியும். சில குறைகள் தவறானவை என்றும் தெரியும். எது எது என்று பிரித்தறிவதுதான் கடினமான வேலை.

மறுப்பைச் சந்தித்த பெரியவர்கள்

மறுக்கப்பட்ட கட்டுரை எல்லாமே மோசமான கட்டுரை அல்ல. உயிரியல் படிக்கும் மாணவர்கள் கிரெப்ஸ் சுழற்சி என்ற பெயரைக் கேள்விப்படுவீர்கள். நாம் உண்ணும் உணவிலிருந்து உயிரணுக்கள் எப்படிச் சக்தி பெறுகின்றன என்பதை விளக்கும் வேதிப் பாதை அது. 1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ் அதைப் பற்றி 'நேச்சர்' இதழுக்கு எழுதி அனுப்பினார். பல வாரங்களுக்குப் போதுமான கடிதங்கள் கையில் இருப்பதால் இடமில்லை என்று பதில் வந்தது. அவர் ஹாலந்திலிருந்து வந்த வேறோர் இதழுக்கு அனுப்பினார், அது வெளியிட்டது. அந்தக் கண்டுபிடிப்புக்காக 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அச்சேறிய பிறகும் துன்பம் முடிந்துவிடும் என்று சொல்ல முடியாது. அதற்கு நம் தமிழர் ஒருவரின் வாழ்க்கையே சாட்சி. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த விண்மீன் ஒன்று 'வெள்ளைக் குள்ளன்' என்ற நிலையில் நிலைத்திருக்க அதன் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று பயணத்தின்போதே கணக்கிட்டார். இங்கிலாந்தில் மூத்தவர்கள் அதில் ஆர்வம் காட்டவில்லை. அவர் அமெரிக்காவின் 'அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்' இதழுக்கு அனுப்பினார், 1931இல் வெளியானது.

1935 ஜனவரி 11ஆம் நாள் லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் தம் ஆய்வை விளக்கினார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற வானியலாளர், அந்தக் கருத்தைக் கேலி செய்தார். அவையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். 24 வயது இளைஞருக்கு அது எப்படிப்பட்ட மாலையாக இருந்திருக்கும்! சந்திரசேகர் வாதாடிப் பார்த்தார். பிறகு 1939இல் தம் ஆய்வை ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு, வேறு துறைக்கு நகர்ந்தார். அவர் கணக்கு சரி என்பதைக் காலம் காட்டியது. 1983இல் நோபல் பரிசு வந்தது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டு. எந்த இதழ் அவருடைய இளவயதுக் கட்டுரையை வெளியிட்டதோ, அதே இதழுக்கு அவர் 1952 முதல் 1971 வரை ஆசிரியராக இருந்தார். பிறருடைய கட்டுரைகளை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் நாற்காலியில் 19 ஆண்டுகள் அமர்ந்திருந்தார்.

சந்திரசேகரின் கதையைப் படித்துவிட்டு, மறுக்கப்பட்டால் நாம்தான் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மறுக்கப்படும் பல கட்டுரைகளில் உண்மையான பிழை இருக்கும். கேள்வி கேட்பவர் எதிரி அல்லர். ஹியூ ஸ்மித்தையும் ஜான் பக்கையும் இன்னும் கூர்மையாகப் பார்க்க வைத்தது, நம்ப மறுத்தவர்களின் கேள்விதான். ஆனால் கேள்வி கேட்பது வேறு, கேலி செய்வது வேறு.

வீட்டு வாசலிலிருந்து ஒரு கடிதம்

இதெல்லாம் பட்டம் பெற்றவர்களுக்கான கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். மறுபடியும் மின்மினிக்கே வருவோம்.

1990இல் ரெனாட்டோ மிரோலோ, ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரு கணித அறிஞர்கள், தலைவன் இல்லாமலேயே இத்தகைய 'கடிகாரங்கள்' ஒத்துப்போக முடியும் என்று ஒரு கணித மாதிரியின் மூலம் நிறுவினார்கள். இதைப் பற்றி வந்த ஒரு செய்திக் கட்டுரையில், ஒன்றாக மின்னும் மின்மினிகள் அமெரிக்காவில் இல்லை என்று சொல்லப்பட்டிருந்தது. அதை டென்னசி மாநிலத்தில் லின் ஃபாஸ்ட் என்ற பெண்மணி படித்தார். அவர் அப்போது ஆய்வாளர் அல்லர். ஆனால் சிறு வயதிலிருந்து ஸ்மோக்கி மலைப் பகுதியில் உள்ள தம் குடும்பத்தின் கோடை வீட்டு வாசலில் உட்கார்ந்து, மின்மினிகள் சேர்ந்து மின்னி, சேர்ந்து இருளுவதைப் பார்த்து வளர்ந்தவர்.

'அறிஞர்கள் எழுதியதாயிற்றே, எனக்கென்ன தெரியும்' என்று அவர் விட்டுவிடவில்லை. கடிதம் எழுதினார். அந்தச் செய்தி ஜொனதன் கோப்லண்ட் என்ற உயிரியலாளரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் நேரில் வந்து பார்த்தார். ஆண்ட்ரூ மோயிசெஃப் என்பவரும் அவரும் சேர்ந்து அளந்து, 1995இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பிற்காலத்தில் லின் ஃபாஸ்ட் தாமே ஆய்விதழ்களில் எழுதினார். மின்மினிகள் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

அவர் குடும்பம் பல ஆண்டுகளாக அறிந்திருந்த செய்தி, 1995க்கு முன் அறிவியலின் கணக்கில் இல்லை. யாரோ பொய் சொன்னதால் அல்ல. யாரும் எழுதாததால்.

நம் ஆற்றங்கரையில்

இனி நம் ஊருக்கு வருவோம். சிலாங்கூர் ஆற்று மின்மினிகள் குறைந்துவிட்டன என்று வட்டாரத்தில் பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். குறைந்தது என்றால் எவ்வளவு? எந்தக் கரையில்? எந்த ஆண்டு முதல்? இருட்டில் மின்னி மறையும் பூச்சியை எப்படி எண்ணுவது?

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் கெர்ட்டனும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆற்றோரத்தில் குறித்துவைத்த இடங்களை இரவில் டிஜிட்டல் கேமராவால் படமெடுத்து, படத்தில் பதிந்த ஒளியைக் கணினியால் கணக்கிட்டு, காலப்போக்கில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அது. இந்த முறையை விளக்கும் அவர்கள் கட்டுரை 2012இல் பன்னாட்டு ஆய்விதழில் வெளிவந்தது. அதற்கு முன், 2003இல், தீபகற்ப மலேசியாவில் கூட்டமாக ஒத்து மின்னும் மின்மினிகளைப் பற்றி கே. நல்லகுமார் 'பயோடைவர்சிட்டி' இதழில் எழுதியிருக்கிறார்.

இத்தகைய கட்டுரைகள் ஏன் முக்கியம்? மின்மினியின் புழு ஆற்றங்கரையின் ஈர மண்ணில் வாழ்ந்து சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. வளர்ந்த பூச்சி பெரம்பாங் மரத்துக்குப் போகிறது. கரையோரச் செடிகொடிகளை அழித்தாலோ, மரத்தை வெட்டினாலோ, ஆற்று நீரின் தன்மை மாறினாலோ அதன் வாழ்க்கைச் சங்கிலி அறுந்துபோகும். கரையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கும்போது, "முன்பெல்லாம் நிறைய இருந்தது" என்ற பேச்சைவிட, பலர் குறை தேடிச் சோதித்து ஏற்றுக்கொண்ட எண்கள் வலுவாக நிற்கும். படகோட்டியின் அனுபவம் பொய்யல்ல. அதற்குத் துணையாக ஒரு பதிவு வேண்டும், அவ்வளவுதான்.

நீங்களும் தொடங்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெரியவர்களோடு சென்று, ஒரே இடத்தில், வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் பாருங்கள். தேதி, நேரம், மழை பெய்ததா, நிலவு இருந்ததா, எந்தச் செடியில் எத்தனை ஒளி என்று எழுதுங்கள். ஒன்றுமே தெரியாத நாளில் 'பூஜ்யம்' என்று எழுத மறக்காதீர்கள். அதுவும் ஒரு விவரம்தான். பூச்சியைப் பிடிக்கவேண்டாம், கைவிளக்கையும் கேமராவின் பிளாஷையும் அதன்மேல் அடிக்கவேண்டாம்.

எழுதியதை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் கேள்வி கேட்டால் முகம் சுருங்காதீர்கள். அவர்தான் உங்கள் முதல் மதிப்பீட்டாளர். ஜான் பக் 1938இல் எழுதிய கட்டுரையின் இரண்டாம் பாகத்தை அதே தலைப்பில், அதே இதழில் 1988இல் வெளியிட்டார். இரண்டுக்கும் இடையே 50 ஆண்டுகள். உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகாது. அடுத்த சனிக்கிழமை மாலை, மழை இல்லாவிட்டால், முதல் வரியை எழுதிவிடலாம்.